ஏற்றினால் மணக்காத மெழுகுவர்த்தி: எண்ணெயைக் கூட்டும் முன் திரியைப் பாருங்கள்

நீங்கள் கேட்டது இது. சோயா மெழுகில் வீட்டிலேயே மெழுகுவர்த்தி செய்திருக்கிறீர்கள். 7 செ.மீ. அகலமுள்ள கண்ணாடி ஜார், 160 கிராம் மெழுகு, 15 மி.லி. மல்லிகை ஃப்ராக்ரன்ஸ் ஆயில், ஆன்லைனில் வாங்கிய கிட்டோடு வந்த பருத்தித் திரி. மறுநாள் மூடியைத் திறந்தால் கமகமவென்று மணக்கிறது. ஹாலில் ஏற்றி வைத்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தும் ஒரு வாசனையும் வரவில்லை. அடுத்த முறை எண்ணெயை இரண்டு மடங்காக்கலாமா என்று முடித்திருக்கிறீர்கள். வேண்டாம். எண்ணெய் போதுமா என்பதைவிட, ஏற்றாதபோது மணக்கிற பொருள் ஏற்றியதும் ஏன் மணக்கவில்லை என்பதுதான் நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் எண்ணெயை என்ன செய்வது என்பதும் தெரிந்துவிடும்.

கோயம்புத்தூரில் பல வருடங்களாக மெழுகுவர்த்தி செய்து விற்கிறேன், புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். அவர்கள் கொண்டுவரும் குறைகளில் முதலிடம் இதற்குத்தான். எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது எண்ணெயை, அடுத்து மெழுகை. தேடிப் பார்த்தால் பெரும்பாலும் கோளாறு திரியில் இருக்கும்.

தொழிலில் இதை இரண்டாகப் பிரித்துச் சொல்வோம். ஏற்றாத மெழுகுவர்த்தியின் வாசனை கோல்ட் த்ரோ. எரியும்போது அறைக்குள் பரவுவது ஹாட் த்ரோ. முதலாவது நன்றாக இருந்தால் இரண்டாவதும் நன்றாக இருந்தாக வேண்டும் என்று ஒரு விதியும் கிடையாது. சுடரின் சூட்டில் மேல்மெழுகு உருகி, திரி வழியாக ஏறி, ஆவியாகி எரிகிறது. அதோடு சேர்ந்து திரியில் ஏறும் வாசனை எண்ணெயும் எரிந்துதான் போகிறது. நன்றாக எரிந்தால் மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடும் நீராவியும். அதில் மல்லிகை இருக்காது. அறையை நிரப்பும் வாசனை, சுடரைச் சுற்றி உருகித் தேங்கி நிற்கும் மெழுகின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகி வருவது. அந்த உருகிய மெழுகுத் தேக்கத்தை மெல்ட் பூல், சுருக்கமாக பூல் என்போம். டம்ளரில் இருக்கும் டீயைவிட டபராவில் ஊற்றிய டீ சீக்கிரம் ஆவி விட்டு ஆறுகிறது அல்லவா, இங்கேயும் அதே கணக்குதான்: பரப்பு கூடினால் வெளியேறும் வாசனை கூடும். உங்கள் ஜாரில் மெழுகு விளிம்பு வரை உருகினால் பரப்பு சுமார் 38 சதுர செ.மீ. நடுவில் 4 செ.மீ. வட்டத்துக்கு மட்டும் உருகினால் சுமார் 12 சதுர செ.மீ., அதாவது மூன்றில் ஒரு பங்கு. எண்ணெயை எவ்வளவு கூட்டினாலும், உருகாத மெழுகுக்குள் பூட்டிக் கிடப்பது அறைக்குள் வராது.

இப்போது உங்கள் அரை மணி நேரத்துக்கு வருவோம். ஜாரின் அகலம் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்பது நாங்கள் பின்பற்றும் பொதுக் கணக்கு. 7 செ.மீ. என்பது இரண்டே முக்கால் அங்குலம். ஆக, மூன்று மணி நேரத்துக்குப் பக்கமாக எரியவிட்ட பிறகுதான் அந்த மெழுகுவர்த்தியைப் பற்றித் தீர்ப்பு சொல்ல முடியும். திரியை 5 அல்லது 6 மி.மீ. விட்டு நறுக்கிவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, பக்கத்திலேயே இருந்துகொண்டு மூன்று மணி நேரம் எரியவிடுங்கள். அப்புறம் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். உருகிய மெழுகு கண்ணாடியின் எல்லாப் பக்கத்தையும் தொட்டிருக்க வேண்டும். ஆழம் 6 முதல் 12 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. இன்னும் நடுவில் சிறிய வட்டமாகவே நின்று, ஓரத்தில் கெட்டி மெழுகு சுவர் மாதிரி இருந்தால் திரி சிறியது. முதல் முறை ஏற்றும்போதே பாதியில் அணைத்துவிடுவதும் தவறு. அடுத்த முறையும் மெழுகு அந்தச் சிறிய வட்டத்துக்குள்ளேயே உருகிக் கீழே குழி பறித்துக்கொண்டு போகும்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் முழுவதும் உருகி, பூல் ஆழமாகி, சுடர் உயரமாக ஆடி, கண்ணாடியில் கரி படிந்து, திரியின் தலையில் காளான் மாதிரி கருப்பு உருண்டை வந்தால் திரி பெரிது. வாசனை குறைந்தால் பெரிய திரி போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். அளவுக்கு மீறிய திரி மெழுகையும் எண்ணெயையும் வேகமாக எரித்துத் தள்ளும். ஆரம்பத்தில் வாசனை வீசிவிட்டுப் பிறகு படுத்துவிடும். கண்ணாடி சூடேறி விரிசல் விடும் ஆபத்து வேறு இருக்கிறது.

ஆன்லைன் கிட்டுகளில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நிறைய பேர் திரியை ‘6 இன்ச்’, ‘8 இன்ச்’ என்று நீளத்தைச் சொல்லி விற்கிறார்கள். நீளத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது; எப்படியும் நறுக்கத்தான் போகிறோம். தேவையானது திரியின் பருமனும் பின்னலும். சிடி, ஈகோ என்று வரிசைப் பெயரும் எண்ணும் போட்டு விற்கும் கடைகளில் வாங்குங்கள். ஒரே வரிசைக்குள் எண் கூடக்கூட திரி பெரியது. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் சாதாரண மெழுகான பாரஃபினுக்குச் சரியாக எரிகிற திரி, அதே அகல ஜாரில் சோயாவுக்கு அநேகமாகப் போதாது. உங்கள் ஜாருக்கு எந்த எண் என்று இங்கிருந்தே சொல்லிவிட முடியாது. எண்ணெய் மாறினாலே திரி மாற வேண்டியிருக்கும். வெனிலா, சந்தனம் போன்ற கனமான எண்ணெய்கள் திரியை அடைத்துக்கொள்ளும். அடுத்தடுத்த மூன்று எண்களில் சில திரிகள் வாங்கி, ஒரே மெழுகு, ஒரே எண்ணெய், ஒரே ஜாரில் மூன்றையும் எரித்துப் பார்ப்பதுதான் வழி. நிறத்துக்காக மைக்கா தூளோ க்ரேயான் துண்டோ போட்டிருந்தால் அதை நிறுத்துங்கள். அவை மெழுகில் கரைவதில்லை, துகளாகவே இருந்து திரியை அடைக்கின்றன. மெழுகில் கரையும் கேண்டில் டை என்று தனியாகக் கிடைக்கிறது.

திரியா எண்ணெயா என்று பணம் செலவழிக்காமலே கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. டீலைட் என்ற சின்னத் தகரக் கிண்ண மெழுகுவர்த்தியைக் கீழே வைத்து எரிக்கும் அரோமா பர்னர் பலர் வீட்டில் இருக்கும். உங்கள் மெழுகுவர்த்தியிலிருந்து இரண்டு ஸ்பூன் மெழுகைச் சுரண்டி, அதன் கிண்ணத்தில் போட்டு, கீழே வாசனையில்லாத டீலைட்டை ஏற்றுங்கள். இங்கே உங்கள் மெழுகு உருகுகிறதே தவிர எரிவதில்லை. திரிக்கு இதில் வேலையே கிடையாது. கால் மணி நேரத்தில் அறை மணத்தால் மெழுகும் எண்ணெயும் சரி, குறை திரியில்தான். இங்கேயும் மணக்கவில்லை என்றால் திரியை மாற்றிப் பயனில்லை, எண்ணெய்ப் பக்கம் போக வேண்டும். வகுப்பில் யார் குறை சொன்னாலும் முதலில் இதைத்தான் செய்து பார்க்கச் சொல்கிறேன்.

சோதனையை ஹாலில் செய்யாதீர்கள். நம் வீட்டு ஹாலில் ஃபேன் ஓடும், ஜன்னல் திறந்திருக்கும், பக்கத்திலேயே சமையலறை. ஒரு சிறிய ஜார் அந்த இடத்தை நிரப்பும் என்று எதிர்பார்ப்பது அதிகம். ஃபேன் காற்று வாசனையைக் கலைப்பதோடு சுடரையும் ஒரு பக்கமாகச் சாய்க்கிறது; பூல் கோணலாக உருகி, கரியும் கூடும். கதவு மூடிய குளியலறை, அப்புறம் சிறிய படுக்கையறை, கடைசியில் ஹால் என்று போங்கள். குளியலறையிலேயே தெரியாத வாசனை ஹாலில் தெரியாது. இன்னொன்று, மூக்கு சீக்கிரம் பழகிவிடும். எண்ணெயைக் கலக்கி, ஊற்றி, பாத்திரம் கழுவி முடிக்கும்போது அந்த வாசனையை மூளை கணக்கில் எடுப்பதையே குறைத்திருக்கும். எரியும் ஜாரின் பக்கத்தில் வேறொருவரை இருக்கச் சொல்லிவிட்டு வெளியே போய் அரை மணி கழித்து வந்து பாருங்கள், அல்லது செய்யும்போது பக்கத்தில் இல்லாத ஒருவரை உள்ளே கூப்பிட்டு, என்ன வாசனை வருகிறது என்று மட்டும் கேளுங்கள். எதை எதிர்பார்க்கிறீர்கள் என்பதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

எண்ணெயின் அளவைப் பொறுத்தவரை நீங்கள் குறை வைக்கவில்லை. 15 மி.லி. எண்ணெய் ஏறத்தாழ 15 கிராம் என்று கொண்டால் 160 கிராம் மெழுகுக்கு 9 சதவீதத்துக்குச் சற்று மேல். பெரும்பாலான சோயா மெழுகுகளில் 6 முதல் 10 சதவீதம்தான் போடுகிறோம். பலரும் பயன்படுத்தும் கோல்டன் வாக்ஸ் 464 வகைக்கும் உச்ச வரம்பு 10 சதவீதம். நீங்கள் இரட்டிப்பாக்கினால் 18 தாண்டிவிடும். அவ்வளவையும் மெழுகு பிடித்து வைக்காது. மேலே வியர்த்து நிற்கும் அல்லது அடியில் எண்ணெயாகத் தேங்கும். சுடர் அடியை நெருங்கும்போது அந்த எண்ணெய் குப்பென்று பற்றிக்கொள்ளலாம். வாசனைக்காக எடுக்கக் கூடாத அபாயம் இது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு சொல்: சொட்டுக் கணக்கில் ஊற்றாதீர்கள். 20 சொட்டு என்பது சுமார் 1 மி.லி. தான், 160 கிராம் மெழுகில் அது ஒரு சதவீதம்கூட வராது. எண்ணெய்க்கு எண்ணெய் எடை வேறுபடும் என்பதால் கிராம் தராசில் நிறுத்தே போடுங்கள்.

சில விற்பனையாளர்கள் இஃப்ரா சான்றிதழைக் காட்டி, கேட்டகிரி 12-ல் நூறு சதவீதம் அனுமதி என்று போட்டிருக்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம் என்பார்கள். இஃப்ரா என்பது சர்வதேச நறுமணப் பொருள் சங்கம். மெழுகுவர்த்தி போல உடம்பில் படாத பொருட்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பிரிவுதான் 12. அந்த நூறு சதவீதம், எண்ணெயில் இருக்கும் பொருட்கள் மனிதருக்குப் பாதுகாப்பா என்பதைப் பார்க்கிறது. உங்கள் மெழுகு எவ்வளவு எண்ணெயைத் தாங்கும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

எண்ணெயின் தரம் என்று வந்தால் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ‘மல்லிகை எண்ணெய்’ என்று நூறு, இருநூறு ரூபாய்க்குப் பாட்டிலில் வருவது பூவிலிருந்து எடுத்தது கிடையாது. சத்தியமங்கலம், மதுரைப் பக்கம் மல்லிகையை ஹெக்ஸேன் கரைப்பானில் ஊறவைத்துச் சாறு எடுக்கும் ஆலைகள் இருக்கின்றன. அப்சல்யூட் எனப்படும் அந்தச் செறிந்த வாசனைச் சாற்றில் ஒரு கிலோ எடுக்கப் பல நூறு கிலோ பூ வேண்டும். அது உலகின் வாசனைத் திரவியக் கம்பெனிகளுக்குப் போகிறது, மெழுகுவர்த்திக்கு வருவதில்லை. நாம் வாங்குவது ஆய்வகத்தில் கலந்து செய்தது, அதில் தப்பொன்றும் இல்லை. மெழுகுக்கென்று கலந்த எண்ணெயா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஊதுபத்திக்கு விற்கும் வாசனையில் டிஇபி என்ற திரவத்தை நிறையக் கலந்து நீர்த்திருப்பார்கள். அதை நிறுத்துப் போட்டாலும் உள்ளே இருக்கும் வாசனை குறைவுதான். கேக்கில் ஊற்றும் எசென்ஸில் தண்ணீரோ ஆல்கஹாலோ ப்ரோபிலீன் கிளைகாலோ இருக்கும். அது மெழுகோடு கலக்கவே கலக்காது, திரி படபடவென்று வெடிக்கும். டிஃப்யூசரில் தண்ணீரோடு விடும் கலவைகளும் அப்படித்தான். உடம்பில் அடிக்கும் சென்ட் ஆல்கஹால், அதைச் சூடான மெழுகில் ஊற்றுவது தீயோடு விளையாடுவது. ‘கேண்டில்களுக்கு’ என்று எழுதியிருப்பதோடு, எத்தனை சதவீதம் என்பதையும் சொல்லும் விற்பனையாளரிடம் வாங்குங்கள்.

இயற்கை எண்ணெய்தான் வேண்டும் என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எளிதில் ஆவியாகிறவை பாட்டிலைத் திறந்ததும் தூக்கலாக இருக்கும், மெழுகுவர்த்தியில் நிற்காது. ஊட்டி யூகலிப்டஸ் தைலத்தில் முக்கியமாக இருக்கும் சினியோலும், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் இருக்கும் லிமோனீனும் 176 டிகிரியை ஒட்டிக் கொதிப்பவை. சந்தன எண்ணெயின் சாண்டலால் 300 டிகிரியை ஒட்டியது. மெல்ட் பூலின் சூட்டுக்கு அது அசைந்து கொடுப்பதே குறைவு, அதனால் விலை கொடுத்து வாங்கிய சந்தனம் மெழுகுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். நடுவில் நிற்கும் லெமன்கிராஸ் நன்றாக வேலை செய்கிறது. எசென்ஷியல் ஆயிலில் தொடங்குகிறவர்களுக்கு நான் எப்போதும் அதைத்தான் கொடுப்பேன்.

மல்லிகை என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் மூக்குக்கு அந்தப் பூவை நன்றாகத் தெரியும். பறித்த பிறகும் மலர்ந்துகொண்டே வாசனையை உண்டாக்கும் பூ அது. சாயங்காலம் தலையில் வைத்த ஒரு முழம் வீடு முழுக்க மணக்கும். மெழுகுவர்த்தி தன்னிடம் ஊற்றியதை மட்டுமே வெளியே விடும். எவ்வளவு நல்ல மல்லிகை ஆயிலும் அந்தச் சரத்தோடு ஒப்பிட்டால் தோற்றுத்தான் போகும். அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு சோதிக்காதீர்கள்.

கலக்கும் சூட்டில் கருத்து வேறுபாடு நிறைய. உறுதியாகச் சொல்லக்கூடியது, மெழுகு துளிகூடக் கலங்கல் இல்லாமல் முழுத் திரவமாக இருக்கும்போது எண்ணெயை ஊற்றி, அடி தொட்டு இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்க வேண்டும் என்பது. ஆறிப்போன மெழுகில் ஊற்றினால் எண்ணெய் ஒரு பக்கம், மெழுகு ஒரு பக்கம் என்று ஆகிவிடும். 464 வகைக்கு 85 டிகிரியில் எண்ணெய் சேர்த்து, 57 டிகிரிக்குப் பக்கத்தில் ஜாரில் ஊற்றுவது பரவலான முறை. 65 டிகிரியில் கலந்து நல்ல பலன் பார்த்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஃப்ளாஷ் பாயிண்டைத் தாண்டிய சூட்டில் கலந்தால் வாசனை எரிந்துவிடும் என்று பரவியிருக்கும் நம்பிக்கை சரியல்ல. ஃப்ளாஷ் பாயிண்ட் என்பது, பக்கத்தில் நெருப்பு காட்டினால் அந்த எண்ணெயின் ஆவி பற்றிக்கொள்ளும் வெப்பநிலை. எண்ணெயை அடுப்பின் பக்கத்தில் வைத்துக் கலக்காதீர்கள் என்பதற்கான எச்சரிக்கை அது. இரண்டு நிமிடம் சூட்டில் கலப்பதால் பெரிதாக ஒன்றும் போய்விடாது. அரை மணி நேரம் அடுப்பிலேயே விட்டால் போகும்.

நீங்கள் மறுநாளே ஏற்றியதும் ஒரு காரணமாக இருக்கலாம். சோயாவை ஊற்றிய பிறகு மூடி போட்டு ஒன்றிலிருந்து இரண்டு வாரம் வைப்பதை க்யூரிங் என்கிறோம். பாரஃபினுக்கு இரண்டு மூன்று நாள் போதும். ஒரே நாளில் ஊற்றிய ஜார்களை மறுநாள் ஒன்றும் இரண்டு வாரம் கழித்து ஒன்றுமாக ஏற்றினால் சோயாவில் வித்தியாசம் தெரிகிறது, இதை வகுப்பிலேயே திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். ஏன் என்பதற்குச் சொல்லப்படும் விளக்கங்களை நான் அவ்வளவு உறுதியாக எடுத்துக்கொள்வதில்லை. கெட்டியான பிறகும் சோயா மெழுகின் படிக அமைப்பு மாறிக்கொண்டே இருக்கும் என்பது உண்மை, மேலே வெள்ளையாகப் பூப்பதும் அதனால்தான். ஆனால் ஹாட் த்ரோ கூடுவதற்கு அதுதான் காரணம் என்பது ஊகம். எப்படியும், க்யூரிங் ஒன்றுமில்லாததை உண்டாக்காது. சின்னத் திரி போட்ட ஜாரை இரண்டு மாதம் அலமாரியில் வைத்தாலும் அதே சின்ன வட்டம்தான் உருகும்.

மெழுகைப் பற்றிச் சுருக்கமாக. பாரஃபினில் வாசனை எளிதாக வெளியே வரும், சோயாவில் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், தேன்மெழுகின் சொந்த வாசனை மற்றதை அமுக்கும். 464 போன்ற ஜார் மெழுகு 50 டிகிரிக்குக் கீழேயே உருகுவது. சித்திரை வெயிலில் பூட்டிய காரிலோ ஜன்னல் ஓரத்திலோ வைத்தால் இளகி எண்ணெய் வியர்க்கும். அதைத் தடுக்கக் கெட்டியான பாரஃபினோ ஸ்டீரிக் ஆசிடோ கலப்பவர்கள், கலவை மாறியதும் திரியையும் மறுபடி சோதிக்க வேண்டும். எண்ணெயைப் பிடித்து வைக்க வைபார் என்ற பொடியைச் சேர்ப்பவர்கள் அளவு மீறினால், அது வாசனையையும் உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆக, உங்கள் இடத்தில் இருந்தால் நான் இந்த வரிசையில் போவேன். இன்றைக்கே பர்னர் சோதனை. அது மணத்தால், அதே ஜாரை ஃபேன் இல்லாத சிறிய அறையில் மூன்று மணி நேரம் எரித்து பூலின் அகலத்தை அளப்பேன். சிறியதாக இருந்தால் பெரிய திரிகள் வாங்கி, அதே 15 கிராம் எண்ணெயோடு புது ஜார்களை ஊற்றி, ஒவ்வொன்றின் அடியிலும் தேதி, திரியின் எண், எண்ணெயின் எடை எழுதி ஒட்டி, இரண்டு வாரம் வைப்பேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். திரி, எண்ணெய், சூடு மூன்றையும் ஒரே நாளில் மாற்றி நன்றாக வந்துவிட்டால் எதனால் வந்தது என்று தெரியாது, அடுத்த முறை அதைத் திரும்பச் செய்யவும் முடியாது.

செய்து வைத்திருக்கும் மற்ற ஜார்களை வீணாக்க வேண்டாம். சோதனையில் திரி சிறியது என்று தெரிந்தால், ஜாரை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் நிற்க வைத்து மெழுகை இளகவிடுங்கள். குளிர்ந்த கண்ணாடியைக் கொதிநீரில் நேராக இறக்காமல், வெதுவெதுப்பான தண்ணீரில் தொடங்கிச் சூட்டைக் கூட்டுங்கள். பழைய திரியை அடித்தட்டோடு இடுக்கியால் எடுத்துவிட்டு, மெழுகை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஜாரைத் துடைத்து, புதுத் திரியை நடுவில் ஒட்டி, அதே மெழுகை மறுபடி ஊற்றலாம். சூடு பட்டதில் வாசனை கொஞ்சம் குறையும், ஆனால் கூடுதலாக எண்ணெய் விடாதீர்கள். நீங்கள் ஏற்கெனவே 9 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறீர்கள்.